அவர் தூங்கவில்லை: நாள்பட்ட நுரையீரல் நோயாளியை வார்டில் பார்த்துக்கொள்வது எப்படி

வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை நான் முதலில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம்தான் கூட்டிப் போவேன். ஃப்ளோமீட்டரின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்கும். அந்தக் குண்டின் நடுவயிறு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் லிட்டர் கணக்கு. தலையைப் பார்த்துப் படித்தாலும் தப்பு, அடியைப் பார்த்துப் படித்தாலும் தப்பு. குழாய் சாய்ந்திருந்தால் கணக்கே தப்பு. "இதுவும் மருந்துதான்மா. ஊசியில் மருந்தை அளந்து எடுக்கிற மாதிரி இதையும் அளந்து கொடு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைக் காட்டுவேன்.

ரங்கூனில் 31 வருஷம் நர்ஸாக வேலை பார்த்தேன். சிவப்பு லுங்கி, வெள்ளைச் சட்டை. இப்போது ஓய்வு பெற்று, நர்ஸ் எய்ட் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் இதற்குப் பாடத்தில் ஒரு பக்கம்கூட இருக்கவில்லை. வார்டிலோ பாதிக் கட்டில் இந்த நோய்க்காரர்கள்தான்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருஷம், தை மாதக் குளிரில், ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். தோங்வா பக்கத்துக் கிராமம். அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலையை ஆயுசு முழுக்கச் செய்தவர். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அப்போது எங்கள் வார்டில் கிடையாது. எனக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்க்கைப் போட்டு ஆக்சிஜனை 6 லிட்டருக்குத் திருகிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்தது. கை கதகதப்பாயிற்று. தவிப்பு அடங்கித் தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடினார். "சயாமா (நர்ஸம்மா), அப்பா இப்படித் தூங்கி மாசக் கணக்காச்சு" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் சார்ட்டில் 'நோயாளி அமைதியாக உறங்குகிறார்' என்று எழுதினேன்.

விடிகாலை நாலரைக்கு மருந்து கொடுக்க எழுப்பினேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியும் கண் திறக்கவில்லை. மூச்சை எண்ணினால் நிமிஷத்துக்கு எட்டு. ஓடிவந்த டாக்டர் ஆக்சிஜனைக் குறைத்து, பை வைத்து மூச்சுக் கொடுத்து, மேலே கொண்டுபோனார். மூன்று நாள் கழித்துத்தான் அவருக்கு நினைவு முழுசாகத் திரும்பியது. நான் தூக்கம் என்று எழுதியது கரியமில வாயு ஏறி வந்த மயக்கம். அந்த நாலு மணி நேரமும் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேதான் நடந்துகொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பது புரிந்துவிட்டால் கை தானாக நிதானப்படும். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கெட்டுப்போன நுரையீரலில் காற்றுப் போய்ச் சேராத மூலைகள் நிறைய இருக்கும். அந்த மூலைகளுக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்காமல், உடம்பே அங்குள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மிச்சமிருக்கும் நல்ல இடங்களுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். வயலில் காய்ந்த பாத்திக்கு மடையை அடைத்து வேறு பக்கம் திருப்புகிற மாதிரி. நாம் ஆக்சிஜனை வாரி இறைத்தால் அடைத்த மடைகள் திறந்துகொள்கின்றன. காற்றோட்டமே இல்லாத மூலைக்கு ரத்தம் பாய்கிறது. அங்கே கரியமில வாயு வெளியேற வழியில்லை, அது ரத்தத்தோடு திரும்பி வருகிறது. இன்னொன்று, ஆக்சிஜன் நிறைய ஏறிக்கொண்ட ஹீமோகுளோபின் தான் சுமந்து வந்த கரியமில வாயுவை ரத்தத்தில் இறக்கிவிடும். மூச்சுவிடும் உந்துதல் குறைந்துபோகும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதுவும் ஓரளவு உண்மை, ஆனால் பெரிய பங்கு மடை திறப்பதற்குத்தான்.

ஆகவே இந்த நோயாளிகளுக்கு ஆக்ஸிமீட்டரில் 88-இலிருந்து 92 வரை நின்றால் போதும். நூறு காட்ட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மற்ற நோயாளிகளுக்கு 94 முதல் 98. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சின்ன வயசு ஆஸ்துமாக்காரருக்கு 88-இல் நிறுத்திவிடவும் கூடாது. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 மூச்சுத்திணறல்காரர்களைப் பார்த்தார்கள். தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88-க்கும் 92-க்கும் நடுவே நிறுத்திக் கொடுத்த பிரிவில் 4 சதவீதம். மருந்து ஒன்றேதான், திருகின அளவு மட்டும்தான் வேறு.

மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரில் ஆரம்பியுங்கள். முனையை மாற்றி ஆக்சிஜன் சதவீதத்தை ஒரே அளவில் நிறுத்துகிற வென்சுரி மாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. 24 சதவீத முனைக்கு 2 லிட்டர், 28 சதவீத முனைக்கு 4 லிட்டர். பொதுவாக முன்னது நீலம், பின்னது வெள்ளை. ஆனாலும் நிறத்தை நம்பாமல் முனையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நோயாளி 70, 75 என்று கிடந்தால் பயந்துகொண்டு ஆக்சிஜன் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைவு கரியமில வாயுவைவிடச் சீக்கிரம் ஆளைக் கொன்றுவிடும். ஏற்றுங்கள், 88-க்கு வந்ததும் குறைத்துக்கொண்டே வாருங்கள். அளவு மீறிப் போய்விட்டது, மயக்கமாக இருக்கிறார் என்று தெரிந்தாலும் பதறி ஒரேயடியாக மூடக் கூடாது. மூடினால் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். 1, 2 லிட்டருக்கு இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்றபடி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆக்ஸிமீட்டரும் பொய் சொல்லும். விரல் ஜில்லென்று இருந்தால் எண் வராது, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். நம்மைப் போல் கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் நம் ஆட்களுக்கு 88-ஐ ஒட்டி விடாமல் 90, 91 பக்கம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கரியமில வாயு ஏறும்போது கை சூடாக இருக்கும், நாடி தடதடவென்று துள்ளும், தலை வலிக்கிறது என்பார், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார். கைகளை முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டச் சொன்னால், மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொங்கி எழும். இரவு டூட்டியில் இந்த நோயாளி "நன்றாகத் தூங்குகிறார்" என்றால் தயவுசெய்து எழுப்புங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன கிழமை என்று கேளுங்கள். திட்டினால் திட்டட்டும். திட்டுகிறவர் நன்றாக இருக்கிறார்.

மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சார்ட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதி வைக்கிற பழக்கத்தை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், அது என்னைப் பதற வைக்கும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணினால், நோயாளி மூச்சை மாற்றிக்கொள்ள மாட்டார். 24-ஐத் தாண்டினால் கவனம். 28 இருந்தது 10 ஆகிவிட்டால் "குணமாகிறது" என்று நினைக்காதீர்கள், அவர் களைத்துப்போய்க்கொண்டிருக்கிறார்.

வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளில் பாஷை நம்மை ஏமாற்றும். பர்மிய நோயாளி "மோ தெ" என்றால் களைப்பாக இருக்கிறது என்றும் பொருள், மூச்சு வாங்குகிறது என்றும் பொருள். நான் கையை மார்பில் வைத்துக் காட்டி, இங்கேயா, அல்லது காலில் தெம்பில்லையா என்று பிரித்துக் கேட்பேன். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் நம் பெரியவர் "சீச்சீ, அந்தப் பழக்கமே இல்லை தாயி" என்பார். பையைத் திறந்தால் சே போ லெய் கட்டு இருக்கும். சுருட்டு அவர் கணக்கில் சிகரெட்டே இல்லை. இங்கிலீஷ்காரர்களே அதற்கு நம் சுருட்டு என்ற சொல்லிலிருந்துதான் பெயர் வைத்துக்கொண்டார்கள், நாம் கேட்கும்போது அதை விட்டுவிடுகிறோம். அதனால் சுருட்டு, பீடி, சிகரெட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வயசிலிருந்து என்று கேளுங்கள்.

பெண்களிடம் அடுப்பைக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆயுசில் ஒரு சுருட்டைத் தொடாத பெண்கள் இதே நோயோடு வருகிறார்கள். விறகு, உமி, கரி என்று எந்த அடுப்பில் சமைத்தார்கள், சமையல் உள்ளேயா வெளியிலா, ஜன்னல் உண்டா, எத்தனை வருஷம் என்பதெல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் புகைப்பழக்கம் இல்லை என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு டாக்டர் வேறு நோயைத் தேடிப் போய்விடுவார். மூடிய அறையில் தினமும் சாம்பிராணி போடுகிறார்களா என்றும் கேட்பேன். சாமி காரியத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நோயாளி வெளியே உட்கார்ந்திருக்கட்டும், புகை போன பிறகு கும்பிடட்டும் என்பேன், எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உடம்பு இளைப்பு, ராத்திரி வியர்வை என்றால் காசநோய்க்குச் சளி பரிசோதனை பண்ணியாக வேண்டும். பர்மாவில் காசநோய் அதிகம். பழைய காசநோயும் நுரையீரலில் இதே மாதிரி அடைப்பை விட்டுவிட்டுப் போகும். உறுதியாகச் சொல்ல, குழாய் வழியாக ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி வேண்டும். மூச்சுக்குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் ஒரு வினாடியில் ஊதுகிற காற்று, மொத்தம் ஊதியதில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடைப்பு உண்டு என்று அர்த்தம். அதைத் திணறல் அடங்கிய பிறகுதான் செய்வார்கள்.

திணறும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, அதில் கையை ஊன்றிக் குனியச் சொல்லுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை விடட்டும். 'உதட்டைக் குவித்து' என்றால் யாருக்கும் புரிவதில்லை. "ஊதாங்குழல் வைச்சு அடுப்பு ஊதுற மாதிரி, ஆனா மெதுவா" என்பேன், உடனே வந்துவிடும். அந்த அடுப்பு ஊதித்தான் பாதிப் பேருக்கு இந்த நோயே வந்தது என்பது சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் குத்தும்.

மருந்தைப் பனிப்புகை மாதிரி ஆக்கி மூச்சோடு கொடுக்கிற நெபுலைசரைக் காற்று மெஷினில் போடுங்கள், மூக்குக் குழாயில் 1, 2 லிட்டர் ஆக்சிஜன் அதுபாட்டுக்கு ஓடட்டும். கரண்ட் போய், சிலிண்டரிலிருந்துதான் ஓட்ட வேண்டும் என்றால் 6 நிமிஷத்தோடு நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், மறந்துவிட்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டால் முதலில் சொன்ன கதைதான். ஸ்டீராய்டு பெரும்பாலும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், 5 நாள். சர்க்கரை பாருங்கள். கூட இருக்கிறவர்களிடம் ஃப்ளோமீட்டரைத் தொடக்கூடாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். பாசத்தில் திருகிவிடுவார்கள், நான் திருகின மாதிரியே.

இனி இன்ஹேலர். ஆக்சிஜனுக்கு அடுத்து நாம் அதிகம் கோட்டைவிடுகிற இடம் இது. 1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், டாக்டர், நர்ஸ் உட்பட மருத்துவப் பணியாளர்களிலேயே சரியாகச் செய்து காட்டியவர்கள் சுமார் 15 சதவீதம்தான் என்று எழுதினார்கள். நமக்கே வராததை நோயாளிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்போம்? அதனால் முதலில் நீங்கள் காலி இன்ஹேலரை வைத்து ஒருவருக்கொருவர் செய்து காட்டிப் பழகுங்கள்.

ரங்கூன் தாம்வே பேட்டையில் நாற்பது வருஷம் கரியடுப்பில் தோசை சுட்டு விற்ற பாட்டி ஒருவர் வருஷத்துக்கு நாலு தடவை அட்மிட் ஆவார். கையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். "போடத் தெரியுமா பாட்டி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்போம். "தெரியும் கண்ணு" என்பார். ஒரு நாள் அதை அவர் கையிலேயே கொடுத்து, "போட்டுக் காட்டுங்க" என்றேன். மூடியைத் திறந்து, மூக்குத் துவாரத்தில் வைத்து, இரண்டு அழுத்து அழுத்தி, தலையை அண்ணாந்துகொண்டார். பர்மிய பாஷையில் இன்ஹேலருக்கும் 'ஷூ சே'தான் பெயர், கடையில் விற்கிற மூக்கில் வைத்து உறிஞ்சுகிற வாசனை மருந்துக்கும் 'ஷூ சே'தான் பெயர். மருந்துக்கடையில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் அப்படியே செய்திருக்கிறார். அத்தனை தடவை வந்தும் எங்களில் ஒருத்தி செய்து காட்டச் சொல்லவில்லை. அன்றிலிருந்து "தெரியுமா?" என்ற கேள்வியையே நான் கேட்பதில்லை. "காட்டுங்க" என்பதோடு சரி.

அழுத்துகிற இன்ஹேலருக்கு முறை இது. நன்றாகக் குலுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுசாக வெளியே விட வேண்டும். வாயில் வைத்து உதட்டால் இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் ஒரு அழுத்து. நாலைந்து வினாடி இழுத்துக்கொண்டே இருந்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். அரை நிமிஷம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்தது. காப்ஸ்யூல் போட்டு இழுக்கிற பொடிக் கருவிக்கு நேர் எதிர்: வேகமாக, ஆழமாக, ஒரே இழுப்பு. அந்தக் காப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் காப்ஸ்யூல் பிசுபிசுத்துவிடும், மூடி இறுகிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்ததானால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

"மாத்திரை இருக்கும்போது இதெதுக்கு?" என்று கேட்பார்கள், மூச்சுக்குழலை விரிக்கிற சால்பூட்டமால் மாத்திரை மலிவு. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதுபோல 40 அழுத்து. அவ்வளவும் வயிற்றுக்குப் போய் உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைக்கும். இன்ஹேலர் நேரே நுரையீரலுக்குப் போகும். கணக்காகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராத பெரியவர்களுக்கு ஸ்பேசர் வேண்டும், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைப் பிடித்து வைக்கிற கூடு. விலை கொடுக்க முடியாதவர்களுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலே போதும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் செய்து பார்த்து, கடையில் விற்கிற ஸ்பேசர் அளவுக்கு இதுவும் வேலை செய்கிறது என்று 1999-இல் லான்செட்டில் எழுதினார்கள். பாட்டிலின் அடியில், இன்ஹேலர் வாய் பொருந்துகிற அளவுக்குக் கம்பியைச் சூடாக்கித் துளை போடுங்கள். கத்தியால் வெட்டினால் ஓரத்தில் இடுக்கு விழுந்து மருந்து கசியும். இன்ஹேலரைச் செருகிச் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். பாட்டிலின் வாயை நோயாளி உதட்டால் மூடிக்கொள்ள, ஒரு அழுத்து, நாலைந்து தடவை நிதானமாக உள்ளும் வெளியும் மூச்சு. பிறகு அடுத்த அழுத்து. புதுப் பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறி மருந்தைச் சுவரிலேயே பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் வீட்டுக்குப் போகிற நாள் காலையில் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர்கள் மனசு பில்லிலும் வண்டியிலும் இருக்கும். திணறல் அடங்கிய மறுநாளே ஆரம்பித்து, தினமும் மருந்து நேரத்தில் அவர்களே போட, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மகளோ மருமகளோ கூட இருந்தால் அவர்களும் செய்து காட்டட்டும். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள். சுருட்டை விடச் சொல்லும்போது ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள்.

இன்ஹேலர் டப்பா தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு, அது நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பிறகும் புஸ்ஸென்று வாயு வரும், நோயாளி மருந்து போடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். எண்ணுவதுதான் வழி. ஒரு டப்பாவில் 200 அழுத்து, நாளைக்கு 8 என்றால் 25 நாள். தோசைப் பாட்டிக்கு எழுதத் தெரியாது. பால் கணக்குப் போடுகிற மாதிரி, ராத்திரி கடைசி மருந்து போட்டதும் சமையலறைச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழிக்கச் சொன்னேன். இருபத்திரண்டாவது கோடு விழுந்த மறுநாள் காலையில் பேரனை மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவார்.